பதினான்கு ஸ்பீக்கர் வேண்டாமென்றவர்

காகுவாஸ் ஊரில் அன்செல்மோ கின்யோனெஸ் கார் வாங்கிய கதையைக் கேட்காத ஆள் யாராவது இருந்தால், ஒன்று நேற்றுப் பிறந்தவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் கடல் தாண்டி ஆர்லாண்டோவுக்குக் குடிபோனவராக இருக்க வேண்டும். ஆர்லாண்டோவுக்குப் போனவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை என்பது வேறு விஷயம். போன் என்று ஒன்று இருக்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மனிதர் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் ஏறி குவாவாத்தே மலைப்பாதையைப் பிடிப்பார். முழுப் பன்றியைக் கம்பியில் கோத்துச் சுடும் கடைகளில் மூன்றாவது கடை. அங்கே அவருடைய கார் கிளப் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருப்பார்கள். தட்டில் கறி விழுவதற்கு முன்னால் கதை விழுந்துவிடும்.

"முப்பத்தோரு வருஷம் மாத்திரை ஃபேக்டரியில காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டு வேலை பார்த்தவன் நான்," என்று தொடங்குவார். "ரிட்டயர் ஆன அன்னிக்கு என் காதுங்களுக்கு ஒரு வாக்குக் குடுத்தேன். இனிமே உங்களுக்கு நல்ல சத்தம் மட்டும்தான்னு. கார் வாங்கப் போறேன். அந்த சேல்ஸ்மேன் பையன் சொல்றான், 'சார், இதுல நாலு ஸ்பீக்கர்தான் வரும். இன்னும் மூவாயிரம் டாலர் போட்டீங்கன்னா பதினாலு ஸ்பீக்கர் வெச்சுத் தர்றோம்'னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா?"

எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் யாராவது ஒருவர், "என்ன சொன்னீங்க?" என்று கேட்டுவைப்பார். கேட்காவிட்டால் கறி ஆறிவிடும்.

"'தம்பி, இந்த எஞ்சின் பாடும்போது வேற பாட்டு எதுக்கு? பாதர் பூசை வைக்கும்போது பக்கத்துல நின்னு விசிலடிப்பியா?'ன்னு கேட்டேன். பையன் வாயடைச்சுப் போயிட்டான்!"

இந்த இடத்தில் கிளப் ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டைப் பார்ப்பார்கள். ஒருவர் இருமுவார். இன்னொருவர் உப்பு கேட்பார். அந்த அமைதியை அன்செல்மோ பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

எதிர்த்துப் பேசுகிற ஒரே ஆள் நொயேல். கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் கடை வைத்திருப்பவன். அவன் மகள் நாஷாலிக்கு ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தந்தை அன்செல்மோதான். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் "கொம்பாய்" என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். பெற்றவனும் ஞானத்தந்தையும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அங்கே மரியாதை இல்லை.

"கொம்பாய், பாட்டில்லாத காரு உப்பில்லாத கறி," என்பான் நொயேல். "நல்ல ஸ்பீக்கர் இருந்தா, டிரம்பெட் வாசிக்கிறவன் எங்க நிக்கிறான், கொங்கா தட்டுறவன் எங்க நிக்கிறான்னு விரலை நீட்டிக் காட்டலாம். மூவாயிரம் டாலர் அதுக்குக் கொள்ளை மலிவு."

"உன் பிக்கப் தெருவுக்குள்ள வந்தா கிழவிங்க பல்செட்டு டம்ளர்ல டான்ஸ் ஆடுது. அதைத்தானே சொல்றே?"

"காசை மிச்சம் பிடிச்சுட்டு வேதாந்தம் பேசாதீங்க."

"காதுள்ளவனுக்குக் காரே பாடும்டா. காது கெட்டவனுக்குத்தான் உன் கடை."

வாரா வாரம் இதே சண்டை, இதே கறி. ஆறு வருடமாக.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். அன்செல்மோவின் குஞ்சு பொன்னைவிட ஒரு படி மேல். அதன் ஸ்டியரிங்கை அவர் கையைத் தவிர வேறு கை தொட்டதில்லை. சர்வீஸுக்கு விட்டால்கூட, "தள்ளுப்பா, நானே உள்ளே கொண்டுவர்றேன்," என்று பணிமனைக்குள் அவரே ஓட்டிப்போய் நிறுத்துவார். மெக்கானிக் சாவி கேட்டால், பெண் கேட்டவனைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்ப்பார்.

வீட்டில் ஒரே ஒரு மனக்குறை. மனைவி புரூனில்டாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. அப்படித்தான் அவர் நினைத்தார். அத்தனை பெரிய உறுமலோடு வாசலில் வந்து நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தால், அடுப்பில் பீன்ஸ் கிண்டிக்கொண்டிருக்கும் புரூனில்டா துள்ளி விழுவாள்.

"ஐயோ கடவுளே! பூனை மாதிரி வந்து நிக்கிறியே! ஒரு சத்தம் குடுத்துட்டு வரக்கூடாதா?"

"சத்தமா? இதுக்கு மேல என்னடி சத்தம் வேணும்?"

இரண்டு தடவை காது டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "ஐயா, உங்க மனைவிக்கு எறும்பு நடக்கிறதுகூடக் கேக்கும்," என்றார். டாக்டருக்குத்தான் காது சரியில்லை என்று அன்செல்மோ முடிவுகட்டினார். பாவம், வேறு எப்படித்தான் முடிவுகட்டுவார்?

புரூனில்டா அந்தக் காரில் ஏறமாட்டாள். உட்கார ஒரு லிஃப்டும் எழுந்திருக்க ஒரு கிரேனும் வேண்டும் என்பாள். ஆகவே பக்கத்து இருக்கை நாஷாலிக்கு வாய்த்தது. ஒன்பது வயதில் ஏறி உட்கார்ந்தவள். ஞாயிறு சாயங்காலம் தவறாமல் ஒரு சுற்று. கண்ணாடியை ஏற்றிவிட்டு மலைப்பாதையில் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்கு மாற்றும்போது, அந்த உறுமல் ஒரு நொடி மூச்சுப் பிடித்து, பிறகு பிளந்துகொண்டு கிளம்பும். ஞானத்தந்தையும் மகளும் ஒன்றாகக் கத்துவார்கள். பெண்ணுக்கு அதற்கு இணையான சந்தோஷம் வேறு இல்லை. அவருக்கும் இல்லை.

அந்த நாஷாலிக்கு இந்த சனிக்கிழமை பதினைந்து வயது முடிகிறது. பதினைந்தாம் பிறந்தநாள் என்றால் அங்கே சின்ன விஷயமா? கல்யாணத்தில் பாதி. கவுன், கிரீடம், நடனமாட பதினான்கு ஜோடி, மலைமேல் ஒரு மண்டபம். பெண் வந்து இறங்கும் காரை ஞானத்தந்தை கொண்டுவர வேண்டும், காரோடு அவளுக்குப் பிடித்த பாட்டு ஊர் அதிர வர வேண்டும். போன மாதம் அவள் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு லாரி நிறைய ஸ்பீக்கரோடு வந்து இறங்கினாள். நொயேல் மகளுக்காக ஆறு பெட்டி தயார்செய்து வைத்திருந்தான்.

நாஷாலி மறுத்துத் தலையை ஆட்டிவிட்டாள். ஞானத்தந்தை அவளுக்கு பாத்ரீனோ, அப்பா பாப்பி. "பாட்டு வேண்டாம் பாப்பி. பாத்ரீனோ கார்ல வர்றேன். பாட்டே இல்லாம, அந்த உறுமல் மட்டும். கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். 'உங்க காரெல்லாம் பாட்டுப் போடும், எங்க பாத்ரீனோ காரு கத்தும். காதைப் பொத்திக்க ரெடியா இருங்க'ன்னு."

அன்செல்மோ நொயேல் வீட்டுச் சமையலறையிலேயே ஒரு சுற்று ஆடினார். நொயேலுக்கு வந்த பாட்டும் போயிற்று, பேச்சும் போயிற்று. முகத்தில் ஈயாடவில்லை. கடைக்காரன் தோற்ற சோகம் என்று அன்செல்மோ நினைத்துக்கொண்டு, போனால் போகிறது என்று அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

புதன்கிழமை மத்தியானம் மண்டபத்தில் ஒத்திகை. உள்ளே பிள்ளைகள் வால்ட்ஸ் நடனம் பழகிக்கொண்டிருந்தார்கள். வெளியே நொயேல் தொண்டையைச் செருமினான்.

"கொம்பாய், வாசல்ல நிக்கிற விருந்தாளிகளுக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேக்கும்னு நீங்க ஒருதடவை கேட்டுப் பார்க்க வேண்டாமா?"

"கேக்கணும்தான். என் காதைவிட்டா அதுக்கு வேற காது ஏது? ஆனா வண்டியை யாரு ஓட்டுறது?"

நொயேல் கையை நீட்டினான்.

அன்செல்மோவுக்கு வியர்த்தது. கைக்குட்டையால் துடைத்தார். காரை ஒருமுறை சுற்றிவந்தார். புரூனில்டா படிக்கட்டில் உட்கார்ந்து வாழைக்காய் வறுவல் தின்றுகொண்டே, "சாவியைத்தானே கேட்டான், கிட்னியைக் கேட்டமாதிரி முழிக்கிறியே," என்றாள். கடைசியில் கொடுத்தார். ஷூவைத் துடை, மோதிரத்தைக் கழற்று, முதல் கியரைவிட்டு மாறாதே, கண்ணாடியைத் திருப்பாதே, இருக்கையை நகர்த்தாதே, என் காரில் தும்மாதே என்று பதினைந்து நிபந்தனை போட்டார். பிறகு மண்டப வாசலில் போய் நின்று, நன்றாகக் கேட்கட்டும் என்று இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார்.

"வா!" என்று கத்தினார்.

நின்றார். உள்ளே வால்ட்ஸ் கேட்டது. எங்கோ ஒரு சேவல் கூவியது. புரூனில்டா வறுவல் கடிக்கும் சத்தம் கேட்டது. இன்னும் எடுக்கவில்லையா இந்தப் பயல்? கிளட்ச் எங்கே இருக்கிறது என்று தேடுகிறானோ? பொறுமை இழந்து கண்ணைத் திறந்தார்.

கார் அவர் முழங்காலுக்கு ஒரு முழத்தில் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டும் இருந்தது. பக்கத்து அறையில் யாரோ தையல் மெஷினில் பாவாடைக்கு ஓரம் அடிப்பதுபோல் ஒரு சத்தம்.

"என்னடா பண்ணே என் காரை!" என்று பாய்ந்தார். "எண்பது மீட்டர் ஓட்டக் குடுத்தா உடைச்சுட்டியே!"

நொயேல் இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே கதவைத் திறந்தான். உள்ளேயிருந்து உறுமல் கொட்டியது. அன்செல்மோவின் முகம் மலர்ந்தது. நொயேல் கதவைச் சாத்தினான். தையல் மெஷின். திறந்தான், சிங்கம். சாத்தினான், தையல் மெஷின். ஏழெட்டுத் தடவை இப்படி நடந்தது. மனிதர் கதவையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார். குனிந்து காருக்கு அடியில்கூடப் பார்த்தார்.

"உள்ள வாங்க கொம்பாய்," என்றான் நொயேல் மெதுவாக. "எஞ்சின் சின்னது. பெட்ரோல் மிச்சம், புகை கம்மி. ஆனா சத்தமே இல்லேன்னா உங்களை மாதிரி ஆளுங்க வாங்குவாங்களா? அதனால கம்பெனிக்காரன் நல்ல உறுமலாப் பார்த்துச் செஞ்சு உள்ள வெச்சிருக்கான். நீங்க மிதிக்க மிதிக்க அது ஸ்பீக்கர்ல வரும்."

"எந்த ஸ்பீக்கர்ல?"

"அந்த நாலுலதான்."

"அப்போ ஆறு வருஷமா நான்..."

"பாட்டுதான் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. ஒரே பாட்டு. அதுவும் மட்டமான நாலு ஸ்பீக்கர்ல."

அதுவரை அடக்கிவைத்திருந்தான், பாவம். சொல்லி முடித்ததும் நொயேல் காரிலிருந்து உருண்டு புல்லில் விழுந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். ஆறு வருடச் சிரிப்பு, வட்டியோடு வந்தது.

"கிளப்ல எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஒருத்தனும் சொல்லலையே?"

"எப்படிச் சொல்றது? ஒரு மனுஷன் அவ்வளவு சந்தோஷமா இருக்கான். அதைக் கெடுத்துட்டு எவன் நிம்மதியாக் கறி திங்கறது?"

படிக்கட்டிலிருந்து புரூனில்டா எழுந்து வந்தாள். கையிலிருந்த வறுவல் தூளைத் தட்டினாள். "ரெண்டு தடவை," என்றாள். "ரெண்டு தடவை என் காதுக்குள்ள குழாயை விட்டுப் பார்க்க வெச்சியே!" மேற்கொண்டு சொல்ல வந்தவள் புருஷனின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். மிச்சத்தை வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். சொன்னாள், மூன்று நாள்.

அன்செல்மோ தன் மானத்தைப் பற்றி யோசிக்கவில்லை. அது கப்பலேறி ஆறு வருடமாகிவிட்டது, அவருக்குத்தான் டிக்கெட் இன்று கிடைத்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது மண்டபத்தின் ஜன்னலை. உள்ளே நாஷாலி ஒரு ஒல்லிப் பையனின் காலை மிதித்துக்கொண்டே நடனம் பழகினாள்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. உங்களோட உள்ளதானே உக்காந்திருந்தா."

"கிளாஸ் முழுக்கச் சொல்லி வெச்சிருக்கா, கொம்பாய். முப்பது பிள்ளைங்க காதைப் பொத்திக்கிட்டு நிக்கும். நான் தையல் மெஷின்ல போய் இறக்கினா? பள்ளிக்கூடம் முடியறவரைக்கும் அவளை விடுவாங்களா?" கைக்குட்டையைத் தேடினார். "அவ என்கிட்ட செயின் கேக்கலை, போன் கேக்கலை. அந்தச் சத்தம் ஒண்ணைத்தான் கேட்டா."

நொயேல் சிரிப்பை நிறுத்திக் கண்ணைத் துடைத்தான். அவன் பெற்ற பெண் அல்லவா.

"போடு," என்றார் அன்செல்மோ.

"என்ன போட?"

"எல்லாத்தையும் போடு. உன் கடையில எது பெருசோ அதைப் போடு. உள்ள கேக்கிற சத்தம் வெளிய கேக்கணும். மேயர் வீட்டுல கேக்கணும்!"

வியாழனும் வெள்ளியும் கடை ஷட்டர் பாதி இறங்கியே இருந்தது. உள்ளே இருந்த நான்கு ஸ்பீக்கருக்கும் பதிலாக உசத்தியான பதினான்கு. சாமான் வைக்கும் இடத்தில் இரண்டு பெரிய பெட்டிகள். பின் பம்பருக்கு அடியில், தேர்தல் நேரத்தில் வண்டியில் கட்டுவார்களே, அந்த மாதிரி இரண்டு குழாய். எஞ்சின் ஓடாவிட்டாலும் உறுமலை மட்டும் தனியே விட்டுக்கொள்ள ஒரு சின்ன சுவிட்ச். கேமராக்காரனுக்கு உதவும் என்றான் நொயேல்.

வேலை முடிந்ததும், சும்மா சோதித்துப் பார்க்க ஒரு பாட்டைப் போட்டான். அன்செல்மோ வேண்டாவெறுப்பாக உள்ளே உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டார். பிறகு அவருடைய வலது கை தானாக எழுந்தது. கண்ணாடிக்கு இடதுபக்கம் விரலை நீட்டி, "டிரம்பெட்காரன் அங்க நிக்கிறான்," என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"மூவாயிரம் டாலர், கொம்பாய்?"

"வாயை மூடு. கொங்கா எங்கேன்னு தேடிக்கிட்டு இருக்கேன்."

வெள்ளி சாயங்காலம் கடைவாசலில் உறுமலை வெளியே விட்டுப் பார்த்தார்கள். தெருவில் நின்ற பதினொரு காரின் அலாரம் ஒரே சமயத்தில் அலறியது. மருந்துக்கடைக்காரர் நிலநடுக்கம் என்று நினைத்து, கல்லாவை விட்டுவிட்டு இருமல் மருந்து பாட்டிலோடு வெளியே ஓடிவந்தார். நொயேலும் அன்செல்மோவும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள்.

சனிக்கிழமை. வானம் பளிச்சென்று இருந்தது. நாஷாலியைக் காரில் ஏற்ற நான்கு பெண்கள் அரைமணி நேரம் போராடினார்கள். அவள் ஏறினாள், கவுன் ஏறவில்லை. கவுனை ஏற்றினால் கதவு சாத்தவில்லை. கடைசியில் காரின் உள்ளே எங்கு பார்த்தாலும் ஊதா நிற வலைத்துணி, நடுவில் ஒரு கிரீடம், ஓரத்தில் வெள்ளை சூட் போட்ட அன்செல்மோவின் மூக்கு. கியரைக் கவுனுக்குள் கைவிட்டுத் தேடினார்.

"பாத்ரீனோ, முட்டியைப் பிடிச்சு மூணாவது கியர் போடுறீங்க!"

"அப்போ உன் முட்டி நல்ல கியர்தான். வண்டி போகுதே!"

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மங்கியது. ஊருக்குள் போகும்போது உறுமலை அவிழ்த்துவிட்டார். ஜன்னல்கள் திறந்தன, நாய்கள் கட்டிலுக்கடியில் ஒளிந்தன, முடிதிருத்தும் கடையில் பாதி மழித்த முகத்தோடு ஒருவர் வாசலுக்கு வந்து சல்யூட் அடித்தார். நாஷாலி இரண்டு கையையும் கூரையில் தட்டிக் கூவினாள். இப்படியொரு நாள் இருக்கும் என்று தெரிந்திருந்தால் அன்செல்மோ ஆறு வருடம் முன்பே ஏமாந்ததைக் கண்டுபிடித்திருப்பார்.

மண்டபத்துக்கு ஏறும் சரிவின் அடியில், பூத்த மரத்தின் கீழ், கேமராக்காரன் நிறுத்தச் சொன்னான். எஞ்சினை அணைத்துவிட்டு, வீடியோவுக்காக உறுமலை மட்டும் விடச் சொன்னான். அன்செல்மோ சுவிட்சைத் தட்டினார். இன்னொரு தடவை என்றான், விட்டார். இந்தப் பக்கமிருந்து என்றான், விட்டார். அவன் கேட்காதபோதும் விட்டார். மேலே மண்டப வாசலில் நூற்றைம்பது பேர் கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. வகுப்புப் பிள்ளைகள் முன்வரிசையில் காதைப் பொத்தியிருந்தார்கள்.

"சரி, கிளம்பலாம்!" என்று சாவியைத் திருப்பினார்.

டிக்.

இன்னொரு முறை. டிக். உறுமலைத் தட்டினார். ஒரு நோஞ்சான் பூனை தும்மியதுபோல் ஒன்று வந்து நின்றது. அந்தப் பெட்டிகளும் குழாய்களும் பேட்டரியை ஒட்ட உறிஞ்சிவிட்டன.

நாஷாலி சிரிப்பை நிறுத்தினாள். அந்தச் சின்ன சுவிட்சைப் பார்த்தாள். "பாத்ரீனோ, எஞ்சினை நிறுத்திட்டுத்தானே வீடியோ எடுத்தோம்?"

"ஆமா."

"நின்ன எஞ்சின் எப்படி உறுமிச்சு?"

அன்செல்மோ சாவியை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். வந்தது உண்மைதான். நான்கு ஸ்பீக்கர், பதினான்கு ஸ்பீக்கர், புதன்கிழமை, கண்ணை மூடிக்கொண்டு நின்றது, முழங்காலுக்கு ஒரு முழத்தில் வந்து நின்றது எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "சத்தியமா எனக்குத் தெரியாதுடி கண்ணு. ஆறு வருஷமா உனக்கும் சேர்த்துக் காதுல பூ சுத்தியிருக்கேன், தெரியாமயே."

நாஷாலி மேலே நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். மூக்கு சிவந்தது. மையெல்லாம் கரைந்துவிடும் என்று தலையை அண்ணாந்து இமையைக் கொட்டாமல் கூரையையே பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"இறங்குங்க."

"என்னது?"

"இறங்கித் தள்ளுங்க பாத்ரீனோ. இந்தக் கவுனோட நான் தள்ள முடியுமா? நான் ஸ்டியரிங் பிடிக்கிறேன்."

அவர் ஸ்டியரிங்கை ஒருமுறை தடவிக்கொடுத்தார். பிறகு கியரை விடுவித்தார், இறங்கினார். ஊதா மலை ஒன்று மூச்சுமுட்டிக்கொண்டு டிரைவர் இருக்கைக்கு நகர்ந்தது.

நொயேல் மேலேயிருந்து ஓடிவந்தான். அவன் பின்னால் வாடகை சூட்டுகளும் குதிகால் செருப்புகளுமாகப் பதினான்கு ஜோடியும் ஓடிவந்தது. கை வைக்க இடமில்லாமல் ஒருவர் முதுகை ஒருவர் தள்ளினார்கள். கார் அசைந்தது. சரிவில் ஏறத் தொடங்கியது.

சத்தமில்லை. செருப்புத் தேயும் ஓசை மட்டும். முன்வரிசைப் பிள்ளைகள் காதிலிருந்து கையை எடுத்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். பின் கண்ணாடி வழியாக அன்செல்மோவுக்கு நாஷாலியின் கழுத்து தெரிந்தது. குச்சிபோல் நிமிர்ந்து, விறைத்து, அதன்மேல் கிரீடம் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. அதை அவரால் தாங்க முடியவில்லை.

வாயைத் திறந்தார். "வ்ர்ர்ர்ர்ர்ர்..."

முப்பத்தோரு வருடம் இயந்திரத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய தொண்டை அது. முதல் கியரின் அடிவயிற்று உறுமல், அப்படியே. ஆறு வருடம் ஞாயிறு தவறாமல் கேட்டவருக்கு அதன் ஏற்ற இறக்கம் ஒன்று விடாமல் மனப்பாடம். முகம் பீட்ரூட்டாகிவிட்டது. நொயேல் திரும்பிப் பார்த்தான். பிறகு அவனும் வாயைப் பிளந்தான். அடுத்து அந்த ஒல்லிப் பையன். அடுத்து பதினான்கு ஜோடி.

"வ்ர்ர்ர்ரூஊஊம்!"

மேலே கிளப் ஆட்கள் பன்னிரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அத்தைகள், மாமாக்கள், சமையல்காரர்கள், கேக் கொண்டுவந்தவர். புரூனில்டா இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினாள். சிரிக்க ஆரம்பித்த பெண்ணின் சிரிப்பும் உறுமலாகி, முப்பது பிள்ளைகளும் துள்ளித் துள்ளிக் கத்தின. மலையே கார் ஆகிவிட்டது.

நாஷாலி ஜன்னலுக்கு வெளியே கிரீடத்தோடு தலையை நீட்டினாள். மை கன்னத்தில் வழிந்திருந்தது. வாய் காதுவரை இருந்தது.

"ரெண்டாவது!" என்று கத்தினாள்.

அன்செல்மோ ஒரு நொடி மூச்சை நிறுத்தி, கியர் மாற்றினார். பின்னாலிருந்த எல்லோரும் அவரைப் பார்த்து நிறுத்தி, அவரோடு மாற்றினார்கள்.

ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது போலும். வாசல் வளைவில் நாஷாலியால் திருப்ப முடியவில்லை. சிமெண்ட் பூந்தொட்டி காரின் பக்கவாட்டில் உரசி, விளக்கிலிருந்து கதவுவரை நீளமாக ஒரு கீறல். க்ரீஈஈச் என்று ஊருக்கே கேட்டது. இத்தனை வருடத்தில் அந்தக் கார் வெளியே கேட்கும்படி சொந்தமாகப் போட்ட சத்தம் அது ஒன்றுதான்.

"பாத்ரீனோ, காரு!" என்று அலறினாள் நாஷாலி.

"பாதையைப் பாருடி! மூணாவது போடப் போறேன்!" என்றார் அன்செல்மோ. போட்டார்.